அதே மருந்து

ஆஸ்பத்திரி அறைக் கதவை முழுக்கத் திறக்காமல் உடம்பாலேயே வழியை அடைத்துக்கொண்டு நின்றாள் அண்ணி. நாத்தனார் நீட்டிய பழப்பையை வாங்கி, உள்ளே கொண்டுபோகாமல் வராந்தா நாற்காலியில் பொத்தென்று போட்டாள்.

"அடுத்த பேட்டிக்கு ஆள் தேடி வந்தியா?"

"அண்ணன்கிட்ட பேசணும், அண்ணி."

"அவரு மனுஷங்ககிட்டதான் பேசுவாரு."

தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் வேலை பார்ப்பது கால்நடை மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில். நிணநீர்ப் புற்று வந்த நாய்களின் கழுத்துக் கட்டியிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதே புற்று வந்த மனிதர்களின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். நாய்க்கும் மனிதருக்கும் பல நேரம் பழுதாகியிருந்தது ஒரே மரபணுதான். அந்த உற்சாகத்தில் தொலைக்காட்சிக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசியவள், "எங்க அண்ணனுக்கும் இதேதான்" என்று சொல்லித் தொலைத்தாள். மறுநாள் பஸ் பணிமனையில் மேஸ்திரியான அண்ணன் உள்ளே நுழைந்ததும், டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து யாரோ குரைத்தார்கள். அவனும் கூடவே சிரித்தானாம். வீட்டுக்கு வந்தபிறகு தங்கையின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஊசி மருந்தில் கரைந்துபோன அண்ணனின் கழுத்துக் கட்டி, இப்போது மறுபடி கிளம்பியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் கட்டி திரும்பி வந்த நாய்களை அவளுக்குத் தெரியும். கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் மரபணு ஒன்று உண்டு. பெரும்பாலும் அதுவே அவற்றில் உடைந்திருக்கும். பழைய மருந்துக்கு அப்புறம் கட்டி கேட்காது. அண்ணனுக்கும் அப்படியா என்று பார்க்கக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும். டாக்டரிடம் மன்றாடிப் பார்த்தாள். "அவர் சம்மதிச்சா எடுக்கலாம். இல்லேன்னா இன்னைக்கே பழைய மருந்தை மறுபடி ஆரம்பிச்சிடுவேன்" என்றுவிட்டார் அவர்.

அண்ணியின் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முதுகெலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"அண்ணா, கட்டியில ஒரு துளி எடுத்துப் பாக்கட்டும். அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரல."

"எடுத்து? எந்த நாயோட கூண்டுல வைப்பே?" அவன் திரும்பவே இல்லை. "வாலையும் ஆட்டிக் காட்டணுமா?"

எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ, வெடித்துவிட்டாள்.

"அதுங்களாவது கழுத்தைக் காட்டுதுங்க. நீ ரோஷத்தைக் கட்டிக்கிட்டு செவுத்தைப் பாத்தே சாவு!"

அண்ணியின் விரல்கள் அவள் முழங்கையில் நகம் பதிய இறுகின. "வாயைக் கழுவுடி. வெளியே நட."

வாசல்வரை இழுத்துக்கொண்டு போயாகிவிட்டது. அப்போதுதான் சுவரோரமிருந்து குரல் வந்தது.

"அந்த நாய்ங்க… கட்டி திரும்பி வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னியாமே. பொழைச்சுதுங்களா?"

நாய்க்காரர்கள் தினமும் கேட்கும் கேள்விதான். அவர்களுக்குப் பதமாகச் சொல்பவள் இங்கே உள்ளதை அப்படியே சொன்னாள்.

"அதே மருந்தை மறுபடி குடுத்ததுல ஒண்ணுகூட இல்ல."

"மாத்திக் குடுத்தா?"

"ஒண்ணு ரெண்டு இன்னும் நடமாடுது. மத்ததுங்க போயிடுச்சு. உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுண்ணா."

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். பிறகு, "உன் மூஞ்சில முழிக்கப் பிடிக்கல. போ" என்றான்.

வெளியே வந்தாள். படிக்கட்டுப் பக்கம் போகாமல் கதவருகிலேயே நின்றாள். அதே பழைய மருந்தின் பையும் குழாயுமாக நர்ஸ் அவளைக் கடந்து உள்ளே போனாள். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே தங்கை பார்த்தாள். நர்ஸ் பையைக் கம்பியில் மாட்டிவிட்டுக் குழாயோடு குனிந்தாள். அண்ணன் தன் இடதுகையில் குத்தியிருந்த ஊசியை வலது உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். நர்ஸ் ஏதோ கேட்டாள். அவன் கையை எடுக்கவில்லை. அண்ணி அவனைப் பார்த்தாள், தொங்கும் பையைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். வேகமாக வந்து திரையை இழுத்து மூடினாள். நர்ஸின் நிழல் மட்டும், குழாயைப் பிடித்தபடி, திரையில் அசையாமல் நின்றது.