காப்பிக் காசு வாங்கிய ஜாகாக்கள்

கீழே வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. காளிதாசன் இதற்காகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டு மோரிஸ், மாதா கோயிலுக்குப் போகிறவர், சூடத்தைத் தொடமாட்டார். ஆகவே பைபிளின் மேல் கை வைத்தார். இரண்டு பக்கத்துச் சாமிகளும் சாட்சிக்கு நிற்கும்போது இடையில் ஓர் ஆள் புகுந்து சந்தேகப்படுவது நன்றாக இருக்காது.

சந்தேகப்படுவது காளிதாசனின் உத்தியோகம். மலாய் நாட்டில், மெர்கோங்கில் ஒரு நெல் ஆலையில் தலைமை ஜாகாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காவல்காரனை அங்கே ஜாகா என்றுதான் சொல்வார்கள். லாரிக்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்றும், சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறான் என்றும் யோசித்தே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற அன்று ஆலையின் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். விசிலையும் சந்தேகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதனால் வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் தென்பட்டதும், முதலில் மோரிஸின் சேவலைச் சந்தேகித்தார்.

“சேவல் கொத்துனா வலிச்சிருக்காதா?” என்று கேட்டாள் மனைவி பிரேமாவதி. “சப்பாத்து காலைக் கடிச்சிருக்கும்ங்க.”

“வலிக்காம கொத்தியிருக்கு. அதான் எனக்கு சந்தேகமே.”

புண் மூடவில்லை. மஞ்சள் வைத்தார், மூடவில்லை. எண்ணெய் வைத்தார், விரல் சுற்றிலும் சிவந்து வீங்கியது. பிரேமாவதி அவரை அலோர் ஸ்டாருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிளினிக்கில் டாக்டர் நிகோல் என்ற இளம்பெண் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, விரலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், சீனி எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

“எதுக்கு கேக்குறீங்க?”

“சும்மாதான் அங்கிள்.”

சும்மா கேட்கிறவர்களை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. பிரேமாவதிதான், “ஜாகா” என்று போட்டுக் கொடுத்தாள்.

“அப்ப ஈசியா சொல்லிடலாம். ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. அதுங்கதான் உடம்போட ஜாகா. சீனி கூடிப் போச்சுன்னா அதுங்களுக்கு மப்பு ஏறிடும். கிருமி வர்ற இடத்துக்கு லேட்டா போகும், போனாலும் ஒழுங்கா பிடிக்காது. ஆனா திருடனே இல்லாத இடத்துல சும்மா சும்மா விசில் ஊதிக்கிட்டே இருக்கும். உடம்பு பூரா உள்ளுக்குள்ள ஒரு அழற்சி, அடங்கவே அடங்காது. ரத்த ஓட்டமும் கம்மியாயிரும். அப்புறம் புண்ணு எங்கிட்டு ஆறும்? மாத்திரை விடாதீங்க, புண்ணைக் கட்ட வந்துருங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா விரலை எடுக்கறதைப் பத்திப் பேசணும்.”

காளிதாசன் எழுந்தார். கிருமியை அவர் மதிக்கவேயில்லை. திருடன் திருடத்தான் வருவான். அவர் மனத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது வேறு விஷயம். தூங்கும் ஜாகாக்களை அவருக்குத் தெரியும். ஆளில்லாத பக்கம் ஊதிவிட்டு, நெல் மூட்டை போகிற பக்கம் கண்ணை மூடிக்கொள்கிறவர்களையும் தெரியும். எந்த ஜாகாவும் தானாகத் தூங்குவதில்லை. யாரோ காப்பிக் காசு கொடுத்திருக்க வேண்டும். லஞ்சத்துக்கு அந்த நாட்டில் அதுதான் மரியாதையான பெயர்.

“நம்ம வீட்டுல யாரு சீனி கலக்குறது?” என்று காரில் கேட்டார்.

“என் மூஞ்சிய பார்த்து கேளுங்க” என்றாள் பிரேமாவதி.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றே வீட்டில் சீனி டப்பாவுக்கு முத்திரை விழுந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், அதன்மேல் அவருடைய தலைமுடி ஒன்று. முடி அசைந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பிரேமாவதி டீ கொண்டுவந்தால் முதலில் அவளைக் குடிக்கச் சொன்னார். அவள் பாதியைக் குடித்துவிட்டு, “சீனி இல்லாத டீயில பாதி மிச்சம், நல்லதுதான்” என்று மீதியையும் குடித்துவிட்டாள். முடி அசையவில்லை. புண்ணும் அசையவில்லை.

“வெளிய இருந்து விசாரிச்சா கதை ஆவாதுண்ணே” என்றார் மோரிஸ். “ஜாகாங்களயே கேட்டுற வேண்டியதுதான்லா.”

மோரிஸின் மகள் பிரிஜெட் நர்ஸ். அவள் அசந்த நேரம் பார்த்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்திருந்தார். மத்தியான வெயிலில், மோரிஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் காளிதாசன் காலை நீட்டி உட்கார்ந்தார். சேவலை எதிரில் கட்டிப் போடச் சொன்னார், கண்காணிப்புக்காக. குழாயின் முனையைத் தம் கெண்டைக்காலில் வைத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

முதலில் இரைச்சல்தான். பிறகு விசில். அடேயப்பா, என்ன விசில்! தொடையில் ஒருவன் ஊதினால் முதுகில் பத்துப் பேர் ஊதினார்கள். சுண்டுவிரல் பக்கம் மட்டும் குறட்டை.

காளிதாசன் தலைமை ஜாகாவின் குரலை எடுத்தார். “யாருடா அங்க ட்யூட்டி?”

குறட்டை நின்றது. “ஐயா, நாங்கதான்யா” என்று பதில் வந்தது. பேச்சில் பண்டார் பாரு தோட்டத்து இழுவை. அவர் பிறந்த தோட்டம் அதுதான்; ரத்தம் வேறு எந்த ஊர்ப் பேச்சைப் பேசும்?

“எதுக்குடா இந்த விசிலு?”

“தெரியலைங்கய்யா. ஒருத்தன் ஊதுறான், நாங்களும் ஊதுறோம். ஊதி ஊதி ஊரே சூடா கெடக்கு. யாருக்கும் தூக்கமில்ல.”

“அப்ப விரலாண்ட குறட்டை விட்டது எவன்?”

“காப்பிக் காசு குடுத்தாங்கய்யா. மறுக்க முடியல. வழியெல்லாம் பாகு மாதிரி ஒட்டுது, எட்டு வைக்க முடியல.”

“யாரு குடுத்தா? பேரைச் சொல்லு. பிரேமாவதியா?”

“முதலாளிதாங்கய்யா.”

“எந்த முதலாளி?”

“இப்ப கத்துறவரு.”

காளிதாசன் குழாயைக் காதிலிருந்து பிடுங்கினார்.

“என்னாண்ணே சொல்றானுங்க?” என்றார் மோரிஸ்.

“பொய் சொல்றானுங்க. சொல்லி வச்ச மாதிரி சொல்றானுங்க. இந்தக் குழாய் உன் மகளோடதுதானே?”

மோரிஸ் தாமும் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான் கேட்டதாம். அப்பனும் மகளும் கூட்டு என்று முடிவு கட்டிக்கொண்டு காளிதாசன் வீட்டுக்குத் திரும்பினார்.

வாசலில் எறும்பு. சிற்றெறும்பு வரிசை ஒன்று, அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த முகத்தோடு போய்க்கொண்டிருந்தது. காளிதாசனின் கண் கூர்மையானது. சமையலறையிலிருந்துதான் கிளம்பியிருக்கும், பிரேமாவதி மாட்டினாள் என்று பின்னால் போனார். வரிசை சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீனி டப்பாவுக்கு முதுகைக் காட்டிவிட்டு வெளியே இறங்கி, அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, கூடைக்குள் கிடந்த மழைக்கோட்டின் பைக்குள் நுழைந்தது.

கையை விட்டார். குலா-குலா. காவல் வேலையில் தூக்கம் வராமலிருக்க வாயில் போட்டுக்கொள்கிற மிட்டாய். வேலை போன பின்பும் கை தானாகப் பைக்குள் போய் வாய்க்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. காகிதங்களே ஒரு கைப்பிடி இருந்தன. அப்போதுதான் கடைத்தெருவில் குடித்துவந்த தே தாரிக் என்ற இனிப்பான பால் டீயும் நினைவுக்கு வந்தது. அதை இனிப்புக் குறைத்து, ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லித்தான் வாங்குவார். குறைத்துக் குடிப்பதால் நியாயமாக இன்னொன்றும் குடிப்பார்.

“யாருங்க திருடன்?” என்றாள் பிரேமாவதி, கதவில் சாய்ந்துகொண்டு.

“விசாரணை நடக்குது” என்றார் காளிதாசன்.

மறுநாள் காலையிலிருந்து ஆட்சி மாறியது. மிட்டாய் முழுவதும் எறும்புகளுக்கு எழுதி வைக்கப்பட்டது. தே தாரிக் கடைக்காரன் கை காட்டினால் எதிர் நடைபாதைக்குப் போனார். மாத்திரையைக் கையில் வாங்கி, பிரேமாவதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுங்கினார். குளித்ததும் ஆலை விசிலை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு நீண்ட ஊதல். “ஆஜர் சொல்லு!” என்பார். ஆரம்பத்தில் நாலைந்து சோம்பல் குரல்கள்தாம். போகப் போக ஒரு பட்டாளமே சொல்லும். அது பக்கத்து வீடுவரை கேட்டதாகவும், சேவல் கூவுவதை நிறுத்திவிட்டதாகவும் மோரிஸ் சொல்கிறார். காரணமில்லாமல் ஊதியவர்களின் விசில்களைப் பறிமுதல் செய்தார். தூங்கியவர்களைச் சுண்டுவிரலுக்கே இரட்டை ஷிப்டில் மாற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை கிருமிகள் கூட்டமாக வந்தபோது, ஜாகாக்கள் அவற்றைக் கழுத்தைப் பிடித்து நகத்தின் ஓரமாக வெளியே தள்ளியதை அவர் தம் கண்ணால் பார்த்தார். ஒன்று வெளியே போகும்போது மலாயில் திட்டிவிட்டுப் போனது.

மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் நிகோல் கட்டைப் பிரித்தாள். புண் இருந்த இடத்தில் குழந்தையின் உதடு மாதிரி இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

“அங்கிள்! என்ன செஞ்சீங்க?”

“ஆஜர் எடுத்தேன்” என்றார் காளிதாசன். “ஜாகா மேல குத்தமில்லமா. குடுத்தவன் மேலதான் குத்தம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாளாம். பிரேமாவதியும் அங்கேதான் இருந்தாள். அவளைக் கேட்டால், “அவரு சொல்றாரில்ல” என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இன்றும் கடைத்தெருவில் சீனியில்லாத காப்பியோடு உட்கார்ந்து காளிதாசன் இதைச் சொல்கிறார். விரலைக் காட்டச் சொன்னால் மட்டும் சப்பாத்தைக் கழற்றமாட்டார். கண்ணு பட்டுடும் என்பார். கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார், அவன் சும்மா கேட்கவில்லை என்பது போல.

காளிதாசனின் வலது காலில் நான்கு விரல்கள் இருக்கின்றன.