சென்ட் கம்பெனி முதலாளி

மாடிப்படி திரும்பும்போதே அடுப்பு மெக்கானிக்கின் மூக்கில் கேஸ் வாடை அடித்தது. டூல்ஸ் பையைப் படியிலேயே போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான். வாடை வந்தது அவன் வீட்டிலிருந்துதான்.

காலிங் பெல்லை நோக்கிப் போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஒரு பொறி போதும். கதவைத் தள்ளினான். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை.

ஹாலில் விரித்த பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் ஊரும் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறவன் அவன். குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, டெய்லரம்மாவின் கையில் திணித்தான்.

"லைட்டு, ஃபேன் எதையும் தொடாதீங்க. குழந்தையைத் தூக்கிட்டுக் கீழ போங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். சமையலறையில் அவன் மனைவி முதுகைக் காட்டியபடி நின்று, ஸ்ப்ரே பாட்டிலுக்குள் எலுமிச்சைப்புல் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். உதடுகள் சொட்டுகளை எண்ணின. பக்கத்தில் மூடி திறந்த ஸ்பிரிட். அடுப்பில் எலுமிச்சைத் தோலும் கிராம்பும் போட்டு 'சிம்'மில் வைத்த பாத்திரம் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் மட்டும் திறந்தே இருந்தது.

குமிழைத் திருகினான். ரெகுலேட்டரை மூடினான். ஜன்னலை விரியத் திறந்துவிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"என்னங்க, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள் அவள், சாவகாசமாக.

வீடு காற்றோடி வாடை அடங்கும்வரை மூவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை டெய்லரம்மாவின் மடியில் விழித்துக்கொண்டு, அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏம்மா சென்ட் கம்பெனி முதலாளி, உன் தைல வாசனையில கேஸ் வாடை அமுங்கிப் போச்சாக்கும்?"

"ஆமாங்க, அதேதான்" என்றாள் அவள் அவசரமாக.

"திட்டாதீங்க தம்பி. அவ குடுத்த பாட்டில் வந்தப்புறம்தான் எங்க பாத்ரூமுக்கு மனுஷங்க போக முடியுது" என்றாள் டெய்லரம்மா.

அந்த 'ஆமாங்க' மெக்கானிக்கை உறுத்தியது. கேஸுக்கு அந்த நாற்றத்தைச் சேர்ப்பதே, எந்த வாசனையையும் மீறி மூக்கில் அறைய வேண்டும் என்பதற்காகத்தான். மாடிப்படித் திருப்பத்திலேயே தன் மூக்கில் அடித்த வாடை, அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாட்டிலைக் கலக்கியதும் அவள் மோந்து பார்த்து அவன் பார்த்ததே இல்லை. டெய்லரம்மாவிடம் நீட்டி, "எப்படிக்கா இருக்கு?" என்று அவள் முகத்தைத்தான் பார்ப்பாள். சொட்டுகளை மருந்து மாதிரி எண்ணுவாள். ஒரு சொட்டு தவறினால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

எழுந்து போய்ப் படியில் கிடந்த பையைத் திறந்தான். பர்னர் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தான்.

"கண்ணை மூடிக்கோ. இது எந்தத் தைலம்னு சொல்லு பார்ப்போம்."

டெய்லரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் மனைவி ஆழமாக இழுத்தாள். ஒரு கணம் யோசித்தாள்.

"கிராம்புதானே? நல்லா இருக்கு."

கண்ணைத் திறந்தவள், இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்ப இருந்து?" என்றான் அவன்.

"மழைக்காலத்துல காய்ச்சல்ல கிடந்தேனே, அப்ப இருந்து. வீடு நாறுதா, குழந்தை துணி நாறுதா, இல்ல நானே நாறுறேனா, ஒண்ணும் புரியல. வர்றவங்க முகம் சுளிச்சா என்ன பண்றதுன்னு பயம். கடை ஸ்ப்ரே அடிச்சா குழந்தை தும்முது. அதான் கொஞ்சமா தைலம் கலந்து நானே செய்ய ஆரம்பிச்சேன்."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதைப் போய் மறைப்பாங்களா? ஊர்ல இருக்கிற அடுப்பையெல்லாம் நான் மோந்து பார்த்துட்டு வர்றேன். என் வீட்ல குழந்தை தரையில படுத்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"மறைக்கலைங்க. சொன்னேன்."

"எப்போ?"

"உங்க அக்கா வந்திருந்தப்போ. திரிஞ்ச பால்ல காபி போட்டுட்டேன்னு எல்லாரும் சிரிச்சீங்களே, அன்னிக்குத்தான். எனக்கு வாசனையே தெரிய மாட்டேங்குதுன்னு உங்களைப் பார்த்துதான் சொன்னேன். 'அப்போ என் சாக்ஸைத் துவைக்க உன்னை விட்டா ஆளே கிடையாது'ன்னீங்க. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் சிரிச்சேன்."

மெக்கானிக்குக்குக் கையிலிருந்த பஞ்சை எங்கே போடுவதென்று தெரியவில்லை. அந்தச் சாக்ஸ் ஜோக்கை மறுநாள் கடையிலும் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருந்தான்.

"விடுங்க தம்பி. ஏதோ தமாஷுக்குச் சொன்னதுதானே" என்றாள் டெய்லரம்மா.

"இல்லக்கா." அவன் குழந்தையை வாங்கி மனைவியின் மடியில் வைத்தான். "சாயந்திரம் கேஸ் அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுறேன். நாளைக்கே ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போறோம்."

பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னான்:

"உடம்புல ஒரு குறைன்னு ஒருத்தர் சொல்லும்போது நாம சிரிச்சுட்டா, அவங்க ரெண்டாவது தடவை சொல்ல மாட்டாங்கக்கா. அப்புறம் கேஸ்தான் வந்து சொல்லும்."