முழங்காலுக்கு அடியில்

அது கோல் கோட்டைத் தாண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு வரியை கைசா வாய்விட்டுச் சொன்னதில்லை.

பனித்தரையை ஒட்டிய அறையில், சறுக்குக் காலணியான ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கும் இயந்திரத்துக்கு மேலே அந்தப் புகைப்படம் தொங்கியது. கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியின் கோல் கீப்பராக கைசா பனித்தரையில் கவிழ்ந்து கிடக்கிறாள். மேலே தோழிகளின் குவியல். இறுதி ஆட்டத்தின் கடைசி நொடி. முழங்கால் கவசத்துக்கு அடியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு கல்லாக உறுத்தியது, கோல் கோட்டுக்குப் பின்னால். நடுவர் குனிவதற்குள் வட்டோடு சேர்த்துக் காலை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்படி வென்ற கோப்பையால்தான் இங்கேயே கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் வேலை கிடைத்தது.

தலைமைப் பயிற்சியாளர் பெக் இரண்டு காப்பியோடு வந்தாள். படத்தில் குவியலின் அடியில், கைசாவின் முதுகோடு ஒட்டிக் கிடப்பவள் அவள்தான்.

"நாளைக்கு மேட்சுக்கு முன்னாடி வருஷாவருஷம் சொல்ற மாதிரி, நடுவர் கோல் இல்லைன்னு சொன்ன அந்தக் கடைசி நொடிக் கதையச் சொல்லிடு. இந்தத் தடவ டெஸ்ஸா மூஞ்சியப் பாத்தே சொல்லு."

போன சனிக்கிழமை, அணியின் இப்போதைய கோல் கீப்பர் டெஸ்ஸாவின் காலடியில் வட்டு மறைந்தது. நடுவருக்குத் தெரியவில்லை, அவளையே கேட்டார். "உள்ள போயிடுச்சு" என்றாள். அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

"புள்ளைங்க அவள சிஸ்டர்னு கூப்பிடுதுங்க. கன்னியர் மடத்துல சேத்துவிடட்டுமான்னு கேக்குதுங்க" என்று பெக் சிரித்தாள். "நடுவர் வேலைய நடுவர் பாத்துக்குவாரு, நம்ம வாய மூடிக்கிட்டாப் போதும்னு அவளுக்குப் புரியணும். நீ சொன்னா கேப்பா."

"அந்தக் கதையில அப்படி எதுவும் இல்லியே."

பெக் காப்பியை மேஜைமேல் வைத்தாள். "உம்மேல மொதல்ல விழுந்தவ நான்டி. நீ கால இழுத்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? உண்மையவா சொல்லச் சொல்றேன்? கதையத்தானே."

கைசாவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை காலம் அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்ததுதான் வேடிக்கையாகப் பட்டது. கண்ணாடிக்கு அப்பால் பனித்தரையில் டெஸ்ஸா தனியாகப் பயிற்சியில், முழங்காலை மடித்து விழுவதும் எழுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்ததும், தன் கால் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"நான் அந்தக் கதையச் சொல்லப் போறதில்ல, பெக்" என்றாள் கைசா. "இந்த வருஷம் மட்டுமில்ல, இனி எப்பவும்."