நான்கு இருக்கைப் படகு

அம்மா நான்கு எலுமிச்சம்பழங்களோடு வாசலில் வந்து நின்றாள். புது வண்டி என்றால் நான்கு சக்கரம், அதற்கு நான்கு பழம் என்று எண்ணி எடுத்து வந்திருக்கிறாள். எங்கள் பழைய பொலேரோவின் பின்னால் டிரெய்லரில் ஏறியிருந்த படகைப் பார்த்ததும் அவளுக்குக் கணக்கு குழம்பிவிட்டது.

"ஏன்டா அருணு, பூசை வண்டிக்கா, போட்டுக்கா?"

"போட்டுக்குத்தாம்மா."

"போட்டுக்கு ஏதுடா சக்கரம்?"

"டிரெய்லருக்கு ரெண்டு இருக்கு அத்தை, அதுக்கு வைங்க. மீதி ரெண்டுல ஜூஸ் போட்டுக்கலாம்," என்றாள் என் மனைவி சிந்துஜா. அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். 

இதற்கு முன் என்னிடம் இருந்தது ரப்பர் படகு. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. மடித்தால் பைக்கின் பின்சீட்டில் கட்டிவிடலாம். மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் எங்கள் நிலத்துக்குப் பக்கத்து ஏரியில் அதை இறக்கி, நடுவில் போய், இரண்டு மணி நேரம் சும்மா இருப்பேன். மீன் பிடிப்பதில்லை. போன் எடுத்துப் போவதில்லை. கல்யாணமான பிறகும் போனேன். சிந்துஜா பிளாஸ்க்கில் டீ போட்டுக் கொடுத்து அனுப்புவாள். எதற்குப் போகிறாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் வரட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. அதில் ஒருவர்தான் உட்கார முடியும். யாரையும் வேண்டாம் என்று சொல்லும் வேலையை அந்தப் படகே எனக்காகச் செய்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆடிக் காற்று ஒருநாள் என்னை எதிர்க்கரைச் சீமைக்கருவேல முள்ளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரப்பர் கிழிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வேங்கிக்காலில் குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிற வகுப்பில் உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில், அடுத்த படகு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினேன். காற்றுக்கு அசையாத எடை. ஃபைபர் உடம்பு. வண்டியில் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி டிரெய்லர். ஒரே ஆளால் இறக்கி ஏற்ற முடிய வேண்டும். கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டேன். நான்கு மாதம் தேடி, புதுச்சேரியில் மூடிவிட்ட ஒரு படகுத்துறையில் இது கிடைத்தது. பன்னிரண்டு அடி. நான்கு இருக்கைகள். இருக்கைகளைப் பற்றி நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவை படகோடு சேர்ந்து வந்தன.

டிரெய்லரைச் செங்கம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்பாசாமி செய்துகொடுத்தார். அளவெடுக்கும்போது கேட்டார்: "எத்தினி பேர் போவீங்க சார்?"

"நான் மட்டும்தான்."

கையிலிருந்த டேப்பை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் சார், ஊட்ல சண்டையா?"

சண்டையெல்லாம் இல்லை. அதுதான் சிக்கல். பெரிய படகு வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்று இரவு, சிந்துஜா போளூரில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எனக்காகத்தாம்மா பெருசா வாங்கறாரு. வெளிய சொல்லிக்க மாட்டாரு, அவ்ளோதான்." அந்த நிமிடமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை சிந்து, அந்த இரண்டு மணி நேரம் தனியாகப் போகத்தான் வாங்குகிறேன் என்று. வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து விதமாக அமைத்துப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அவளை வேண்டாம் என்று சொல்வதாகவே வந்தது. அவள் எனக்கு வேண்டாதவள் இல்லை. வாரத்தில் மீதி நேரமெல்லாம் அவள் பக்கத்தில் இருப்பது பிடித்துத்தான் இருக்கிறது. அப்புறம் இன்னொரு சந்தேகமும் வந்தது. அந்தப் படகுத்துறையில் ஒன்பதடிப் படகு ஒன்றும் இருந்தது. ஒருவருக்கு அது தாராளம். அதை ஏன் நான் வாங்கவில்லை? ஒருவேளை அவள் சொல்வதுதான் உண்மையோ, எனக்குத்தான் அது தெரியவில்லையோ?

பூசை முடிந்ததும் புது வண்டி எதுவானாலும் முதலில் மலையைச் சுற்றி வரவேண்டும் என்றாள் அம்மா. தண்ணீரையே தொடாத படகு கிரிவலம் போனது. போகிற வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னப்பா, வெள்ளம் வரப்போவுதா? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினார். பாதையோரம் வாயுலிங்கக் கோயில் அருகே வண்டியை நிறுத்தி அம்மா கும்பிடப் போனபோது, சிந்துஜா டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்துப் படகில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

"உங்களுக்கு எந்த சீட்டு, எனக்கு எந்த சீட்டு?"

"எல்லாம் ஒண்ணுதான்," என்றேன். அது ஒரு பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தை மாதம், ஏரி நிறைந்திருந்தது. மாடு கழுவுகிற சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும் என்பதை வேங்கிக்கால் காலி மனைகளில் ஒரு வாரம் பழகியிருந்தேன். ஆனாலும் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை. சிந்துஜா பின்னால் நின்று, "வா, வா... ஐயோ, அந்தாண்ட இல்லீங்க, இந்தாண்ட! போதும், போதும்!" என்று கத்தாமல் இருந்திருந்தால் படகு கருங்கல்லில் மோதியிருக்கும். ஒரே ஆள் இறக்கலாம் என்று நான் போட்ட அடிக்கோடு அங்கேயே அழிந்தது.

படகு தண்ணீரில் மிதந்ததும் முப்பது மீட்டர் நைலான் கயிற்றின் ஒரு முனையை அதன் மூக்கில் கட்டினேன். முதல் தடவை இறக்கும்போது பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வாங்கியது. மறு முனையை என் கையில் வைத்துக்கொண்டேன். சிந்துஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பையைத் திறந்தாள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்தாள். மறுபடியும் கையை விட்டுத் துழாவினாள்.

"இன்னொண்ணு எங்க?"

"இன்னொண்ணு... வாங்கல."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், அந்தச் சாக்கை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் குனிந்து கயிற்றின் முடிச்சை மறுபடியும் இறுக்கினேன்.

"ஸ்பேர் நட்டே ரெண்டு வாங்கினவரு நீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். இதுல நான் வரணுமா, வேணாமா?"

"தெரியல சிந்து."

அது பொய் இல்லை.  அவள் ஜாக்கெட்டைத் தலை வழியாக மாட்டி, பட்டையை இறுக்கினாள்.

"அப்போ ஒருத்தர்தான் போவணும். தள்ளுங்க."

"உனக்குத் துடுப்பு போடத் தெரியாதே."

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

தள்ளினேன். முதலில் படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. துடுப்பு தண்ணீரைத் தொடாமல் காற்றில் போனது; ஒருமுறை அவள் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். அழைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அழைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்க, படகு நேராகப் போகத் தொடங்கியது. துடுப்புப் போடுபவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், ஆகவே அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவள் பார்வை என் மேல் இல்லை. என் தலைக்கு மேலே மலையைப் பார்த்திருக்கலாம். வேறெதையாவது பார்த்திருக்கலாம். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

காலடியில் சுருட்டி வைத்திருந்த கயிறு வளையம் வளையமாக அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. கடைசி வளையமும் நீங்கி, கயிறு என் உள்ளங்கையில் இறுகியது. இழுத்தால் திரும்பிவிடுவாள். விட்டால் ஏரி நடுவுக்குப் போய்விடுவாள். நான் இரண்டையும் செய்யவில்லை. முனையைப் பிடித்தபடியே தண்ணீருக்குள் ஓரடி வைத்தேன். சேறு கணுக்காலைப் பிடித்தது. இன்னோர் அடி. முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு என்று தண்ணீர் ஏற ஏற, அவள் போடும் ஒவ்வொரு துடுப்புக்கும் நான் ஓரடி கொடுத்துக்கொண்டே போனேன்.