ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவர் என் அத்தான். சபைப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். "சாட்சிக் கதை ஒண்ணு எழுதிக் குடும்மா. கடைசியில ஒருத்தர் மனந்திரும்பணும், அவ்வளவுதான்" என்றார், கடையில் டீ சொல்வது போல. தலையாட்டிவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'ஆண்டவரின் அன்பு எத்தகையதென்றால்—'

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: 'வெள்ளை விரிப்புகள் மேகங்களைப் போல—'

இதையும் அடித்தேன். (ஆனால் அங்கே நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?)

2

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் அது. கிழிந்த விரிப்புகளைத் தைப்பது என் வேலை. மூலையில் என் தையல் மெஷின். நடுவில் துணி உலர்த்தும் ராட்சத மெஷின்கள். ஆவிக்குள் ஆட்கள் மிதப்பது போலத் தெரிவார்கள். மதிய வெயிலும் உள்ளே வந்துவிட்டால், கண் திறந்தபடியே தூங்குகிறேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரைச்சலில் பேச்சு கேட்காது. விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடிப்பார்கள். பிறகு நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். அந்த ஒரு நொடிதான் முகத்துக்கு முகம் அருகே வரும். ஒரு வாக்கியம் சொல்லலாம். அப்புறம் விலகியாக வேண்டும். பதில் அடுத்த மடிப்பில்.

அங்கே ஒரே சட்டம்: தலையே போனாலும் முனையை விடக்கூடாது. தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும்.

3

'வெடி' என்று நாங்கள் பேர் வைத்த பெரியவருக்கு மடிக்க ஜோடி கிடைக்காது. முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவர் மனைவி இறந்த அன்று, மகளின் சபையிலிருந்து வந்த ஒருவர் சவப்பெட்டியருகே நின்று, இதுவும் குடும்பத்துக்கு ஒரு பாடம் என்று பிரசங்கம் செய்துவிட்டார். (நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். வாய் முந்திக்கொண்டது.) அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை.

சனிக்கிழமைகளில் அவள் அலுவலக அறைக்குப் போன் செய்வாள். "செத்துட்டேன்னு சொல்லு!" என்பார் வெடி. அந்தக் கத்தல் மட்டும் எந்த இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். கடைசித் தடவை அவள் சொல்லி வைத்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்: திங்கட்கிழமை அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு தடவை அப்பா குரலைக் கேட்க வேண்டும்.

4

அவரோடு மடிக்கத் தானாக முன்வந்தவர் மெதுவக்கா. பேச்சு மெதுவு, நடை மெதுவு.

இந்தப் பாத்திரத்தை நம்புவதுதான் எனக்குக் கஷ்டம். வாசகர் "சரியான விளக்கெண்ணெய்" என்று கொட்டாவி விடுவார். ஒரு குறை சேர்க்கலாமென்று, 'அக்கா யாருக்கும் தெரியாமல்—' என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. பாட்டுப் பாடுவார், சகிக்காது. வேண்டுமானால் அதைக் குறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சபைக்குப் போகிறவர் என்று வெடிக்குத் தெரியும். முதல் மடிப்பிலேயே சொன்னார்: "சாமி கதை ஏதாவது பேசினே, அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்."

அக்கா கேட்டது இதுதான்: "கைவலி தேவலையாண்ணே?" அடுத்ததில், "இந்த ஓரம் சுடுது, பார்த்துப் பிடிங்க."*

(* மூலையிலிருந்த எனக்கு இவை எதுவும் கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்து எழுதுகிறேன்.)

5

வெள்ளிக்கிழமை அவர் முனையை விட்டார். கை தவறி அல்ல, வேண்டுமென்றே. விரிப்பு தரையில் சரிந்தது. அக்கா குனிந்து எடுத்து அழுக்குக் கூடையில் போட்டார். வேறொன்றை விரித்து, அதன் முனைகளை அவர் கையில் கொடுத்தார்.

மடிப்பு. "உனக்கெல்லாம் கோவமே வராதா?"

விலகினார்கள். அக்கா திரும்பி நடந்து வருவதற்குள் நான் பதில் எழுதியாக வேண்டும்.

(அ) ஒரு வேத வசனம். அத்தானுக்குப் பிடிக்கும். வெடி கதையை விட்டே போய்விடுவார்.

(ஆ) ஒரு புன்னகை. இதைச் சினிமாவில் நிறையப் பார்த்தாயிற்று.

(இ) "வரும்ணே. காலையிலயே ஏசப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டிடுவேன். உங்களுக்குன்னு மிச்சம் வைக்கிறதில்ல."

இதுவாகத்தான் இருக்கும். ஏனென்றால் வெடி சிரித்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த மடிப்பில் அவர் கேட்டது: "என் பொண்ணும் கொட்டுவாளா... என்னைப் பத்தி?"

அதற்கடுத்ததில் அக்கா: "அப்பாவை விட்டுட்டு எந்தப் பொண்ணுண்ணே ஜெபம் பண்ணுவா?"

6

சனிக்கிழமை. அலுவலக அறைக் கதவு திறந்தது; யாரோ போனைத் தூக்கிக் காட்டினார்கள். வெடி கத்தவில்லை. இரண்டு கைகளிலும் முனைகளைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா நடந்து வந்தார். மடிப்பு.

"விடுங்கண்ணே. நான் பிடிச்சுக்கிறேன்."

விட்டார். போனார். கதவு சாத்திக்கொண்டது.

அத்தானுக்கான முடிவு: 'மறுநாள் சபையில், கடைசி வரிசையில்—' (எனக்குத் தெரியாது.)

இன்னொன்று: 'போனிலும் வெடித்தார்.' (அவரைத் தெரிந்தவர்கள் இதைத்தான் நம்புவார்கள்.)

அலுவலக அறைக் கண்ணாடிக்கு அப்பால் அவர் போனைக் காதில் வைத்திருக்கிறார். வாய் அசைகிறதா என்று பார்த்தால் ஆவி மறைக்கிறது. இங்கே நான்கு முனைகளும் மெதுவக்கா கையில். கைகளை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். விரிப்பு தரையைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. ஒருவர் கை எவ்வளவு நேரம் தாங்கும்?

நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? வந்து அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியுங்கள். அவர் பேசிவிட்டு வரட்டும்.