கன்றுகளுக்கு மட்டும்

மண்ணரைச் சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு நதியாதான் கெமிஸ்ட். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்களை அந்தத் தொட்டிகளில் இரண்டு வருடமாக வளர்த்து வந்தாள். ஒரு வாரத்தில் அத்தனையும் செத்து, பட்டறையே நாறியது. காரணம் தேடியவள் கண்ணில் பால் கேன்கள் பட்டன.

முதலாளி சரவணக்குமாருக்குச் சோமனூர் ரோட்டில் மாட்டுப்பண்ணை உண்டு. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாடுகளின் பாலை சொசைட்டியில் வாங்க மாட்டார்கள். கன்றுகளுக்கு ஊற்றினால் கழிச்சல். அதனால் பண்ணையாள் சுப்பையன் அதைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டியிருக்கிறான்.

நதியா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சரவணக்குமாருக்கு முகம் சிவந்தது.

"என்ற ஆளைக் குத்தஞ் சொல்றியே, படிச்சவதானே நீ? அந்தப் பாலை நீயே சரி பண்ணிக் குடு பாக்கலாம்."

மறுநாள் முதல் மதியத்துக்கு மேல் பண்ணையில் வேலை. சுப்பையனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் கேட்டைத் தாண்டும்போதே காறித் துப்புவான். மருந்தை முறிக்க நதியா பாலில் சோடா கலந்து, கொதிக்க விடாமல் மணிக்கணக்கில் சூட்டில் வைத்து, ஆறியபின் எலுமிச்சை உப்பு போட்டுச் சமன் செய்து பார்த்தாள். நாலு தடவை திரிந்தது. நாலு தடவையும் சுப்பையன் அவள் காதில் விழும்படி சிரித்தான். ஐந்தாம் தடவை சோதனை அட்டையில் கோடு பளிச்சென்று விழுந்தது. மருந்து இல்லை. கன்றுகள் குடித்தன; கழிச்சல் வரவில்லை.

சரவணக்குமார் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமாயிருச்சில்ல? நாளையிலிருந்து நாப்பது லிட்டர் ஹாஸ்டலுக்குப் போகட்டும். புள்ளைங்க டீக்கு ஆச்சு."

ஹாஸ்டலில் அவருடைய பனியன் கம்பெனிப் பெண்கள் நூற்றிருபது பேர். அதுவரை அவர்கள் டீக்குப் பால் வெளியிலிருந்துதான் வந்தது.

"இது கன்னுக்குட்டிக்காகச் செஞ்சது சார். இந்த அட்டை ஒரு வகை மருந்தத்தான் காட்டும். மாட்டு டாக்டர் நேத்து வேற ஊசிக்கு மாத்தியிருக்காரு. அது போச்சா இல்லையான்னு இதுல தெரியாது."

"கோடு வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு. ஆனா..."

"சாத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தப்ப இத்தனை வாய் இல்ல உனக்கு. பொழைக்க வந்தவ பொழைப்பைப் பாரு."

மறுநாள் காலை நதியா பலகாரக் கடைக்குச் சாமான் விற்கும் இடத்தில் பச்சைக் கலர்ப்பொடி வாங்கி, பால் முழுவதிலும் கலக்கினாள். கன்றுகள் நிறமா பார்க்கின்றன? முட்டிமோதிக் குடித்தன. ஹாஸ்டலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் சுப்பையன் அதை போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டான். சரவணக்குமார் காரைக்கூட ஓரங்கட்டாமல் இறங்கி வந்தார்.

"சாயப்பட்டறைக்காரன் எனக்கே சாயம் போட்டுக் காட்டறியா? நட வெளிய!"

"அந்தப் பால உங்க ஊட்டு டீக்கு ஊத்துவீங்களா சார்?" என்றாள் நதியா.

அவர் பாலின் பக்குவம் எழுதியிருந்த அவள் குறிப்பு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு பையை மட்டும் வெளியே எறிந்தார். சுப்பையன் கேட்டைச் சாத்தினான்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பெண்கள் வரும் நேரத்தில் அவள் ஹாஸ்டல் வாசலில் நின்றாள். தன் ஊர்ப்பக்கத்துப் பெண்ணான அபிராமியைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் அந்தப் பாலில் வந்த டீயை ஒருத்தியும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் முதல் டீயே வரவில்லை; சரவணக்குமார் கோபத்தில் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அபிராமி அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஒங்களால இருந்த டீயும் போச்சு. நாளெல்லாம் நின்னுட்டு வந்து வெறுந்தண்ணி குடிக்கோம்."

"அந்தப் பாலக் குடிக்கதுக்கு வெறுந்தண்ணி தேவல."

"அத நாங்க சொல்லணும், நீங்க இல்ல. எல்லாரும் ஒங்களத்தான் ஏசுதாக."

நதியாவுக்குச் சுருக்கென்றது. தான் சொன்னதில் தப்பில்லை என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அது அப்போது எதற்கும் உதவவில்லை. பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். நதியா ஜன்னலோரம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அபிராமி அதைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.