பெருநாள் பிறையும் என் மொட்டை மாடியும்

பெருநாள் பிறைக்கு விலை ஒரு தூக்குவாளி பிரியாணி. பன்னிரண்டு வருடமாக நான் வாங்கிய விலை அது. ஒரு கரண்டி ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை.

போன வருடம் வரை எங்கள் தெருவிலேயே உயரமானது என் பனியன் கம்பெனி மாடிதான். இருபத்தொன்பதாம் நோன்பன்று பக்கத்து வீட்டு சிக்கந்தர் ராவுத்தர் கஞ்சிப் பாத்திரத்தோடு குடும்பமாக ஏறி வருவார். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, மேற்கே பார்ப்பார்கள். பிறை தெரிந்தால் மறுநாள் அவர்களுக்குப் பெருநாள், எனக்கு வாளி.

இந்த வருடம் எதிர்ச்சாரியில் வேல்குமார் ஐந்து மாடி எழுப்பிவிட்டான். லிஃப்ட் வேறு. என்னிடம் செக்கிங் டேபிளில் நின்ற பயல். சாயங்காலம் ராவுத்தர் வீட்டுக் கஞ்சிப் பாத்திரம் அந்த லிஃப்டுக்குள் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கைக்கு வந்த ஆர்டரை இன்னொருவன் தட்டிக்கொண்டு போனால் வயிறு எரியுமே, அப்படி எரிந்தது.

நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே புகுந்து மாடிக்கு ஏறினேன். எதிர்மாடியில் வேல்குமார் பேரீச்சம்பழத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான், ஏதோ அவன் வீட்டுக் கல்யாணம் போல. பார்க்கப் பிடிக்காமல் தலையை நிமிர்த்தினேன். வானத்தில் மெல்லிசாக, வெள்ளையாக ஒரு வளைவு.

“ராவுத்தரே, பிறை இங்க தெரியுதுங்க. வெரசா வாங்க.”

அவர் லிஃப்டில் இறங்கி, என் மூன்று மாடி ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“எங்கீங்க?”

“அதோ.”

“கொஞ்சம் தலையத் திருப்புங்க மாரப்பண்ணா.”

திருப்பினேன். பிறையும் கூடவே திரும்பியது.

ராவுத்தர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதினார். “நோன்பு இருந்தது நானுங்க. கண்ணு மங்குனது உங்களுக்கா?”

அந்த நேரம் எதிர்மாடியில் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் எழுந்தது. நிஜப் பிறை. ராவுத்தர் மேற்கே திரும்பினார். வேல்குமாரின் சுவர்தான் தெரிந்தது.

“லிஃப்டுக்கு ஆசப்பட்டுப் போனேன்னு நெனச்சீங்களா? உங்க மாடில இப்ப மேக்கே இல்லீங்களே.”

அவர் திரும்பப் போய்ச் சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டது. குடும்பமே பார்த்த பிறையை அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

மறுநாள் வாளி வந்தது. வேல்குமாருக்குப் போனது பெரிதா என்று எட்டிப் பார்த்தேன். ஒரே அளவு. அதிலும் எனக்கு வருத்தம்தான்.

வரவு, பிரியாணி ஒரு வாளி. ராவுத்தருக்கு நான் தர வேண்டிய பாக்கி, பிறை ஒன்று.